டைட்டில் பாட்டைத் தள்ளிவிடாதீர்கள்

அமெரிக்கத் தொடர்கள் பார்க்கும் நண்பர்களிடம் நான் எப்போதும் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். திரையின் ஓரத்தில் ‘ஸ்கிப் இன்ட்ரோ’ என்று ஒரு பட்டன் வருமே, அதைத் தொடாதீர்கள். சீக்கிரம் கதைக்குள் போய்விட வேண்டும் என்ற அவசரம் எனக்கும் புரிகிறது. ஆனால் அந்த ஒன்றரை நிமிடத்தில் ஒலிக்கும் பாட்டை யாரோ ஒருவர் உட்கார்ந்து, எத்தனையோ பாட்டுகளைக் கேட்டுக் கழித்து, ‘இந்தக் கதைக்கு இதுதான்’ என்று எடுத்து வைத்திருக்கிறார். அவர் யாரென்று நமக்குத் தெரியாது. அவருடைய ரசனையை நம்பிப் பின்னாலேயே போனதில் எனக்குக் கிடைத்திருக்கும் பாட்டுகள் கொஞ்சநஞ்சமல்ல.

சில வருடங்களாக என் காதுக்குப் புதிதாக வந்து சேரும் ஆங்கிலப் பாட்டுகளில் பெரும்பாலானவை தொடர்கள் வழியாக வந்தவைதான். புதிது என்றால் எனக்குப் புதிது. பாட்டு 1959இல் பதிவானதாக இருக்கும், நான் கேட்டது போன வருடமாக இருக்கும். தொடரில் முதலில் காதில் விழும். அதன் பிறகு தனியாக, காட்சி எதுவும் இல்லாமல், இயர்போனை மாட்டிக்கொண்டு முழுதாகக் கேட்பேன். இந்த இரண்டும் சேர்ந்தால்தான் பாட்டு கைக்கு வந்தது என்று சொல்வேன். முதலாவது மட்டும் நடந்தால் அது அந்தத் தொடரின் பாட்டாகவே நின்றுவிடும்.

‘தி வயர்’ தொடரிலிருந்து தொடங்குகிறேன். எச்.பி.ஓ.வில் 2002 முதல் 2008 வரை ஐந்து சீசன்கள் ஓடியது. பால்டிமோர் நகரத்தில் பத்திரிகை நிருபராக இருந்த டேவிட் சைமன் உருவாக்கிய தொடர். தெருவில் நடக்கும் போதைமருந்து வியாபாரம், துறைமுகம், நகர அரசியல், பள்ளிக்கூடம், பத்திரிகை அலுவலகம் என்று ஒவ்வொரு சீசனும் அந்த ஊரின் ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்ளும். ஐந்து சீசனுக்கும் டைட்டில் பாட்டு ஒன்றே: டாம் வெய்ட்ஸ் எழுதி 1987இல் வெளியிட்ட ‘வே டவுன் இன் த ஹோல்’. பாட்டு ஒன்று, ஆனால் சீசனுக்குச் சீசன் பாடுகிறவர் வேறு.

முதல் சீசனில் பிளைண்ட் பாய்ஸ் ஆஃப் அலபாமா. பார்வையற்றோர் பள்ளியில் படித்த கறுப்பினச் சிறுவர்கள் 1939இல் தொடங்கிய காஸ்பல் குழு அது. தேவாலயத்தில் பாடிப் பழகிய குரல்கள். சாத்தானை அடக்கி வை என்று உபதேசம் செய்யும் பாட்டு அது என்பதால், அவர்கள் பாடும்போது அதை உண்மையாகவே நம்பிப் பாடுவது தெரிகிறது. இரண்டாவது சீசனில் டாம் வெய்ட்ஸே பாடுகிறார். கரகரத்த, அடித்தொண்டைக் குரல். அதே சொற்கள்தான், இங்கே உபதேசியே ஏதோ வம்பில் சிக்கியவர் போலத் தெரிகிறார். மூன்றில் நியூ ஆர்லியன்ஸின் நெவில் பிரதர்ஸ். நான்காவது சீசன் பள்ளிப் பிள்ளைகளின் கதை. அதற்குப் பாடியவர்கள் டோமாஜே என்ற பெயரில் சேர்ந்த பால்டிமோர் பதின்வயதுப் பிள்ளைகள். ஐந்தாவதில் ஸ்டீவ் ஏர்ல். தொடரிலேயே, போதையிலிருந்து மீண்டு மற்றவர்களை மீட்க உதவுகிற வேலன் என்ற பாத்திரத்தில் நடித்தவர் அவர். நிஜ வாழ்க்கையிலும் ஹெராயினிலிருந்து மீண்டவர்.

இந்த ஐந்தையும் அடுத்தடுத்து வைத்துக் கேட்டுப் பாருங்கள். ஒரு பாட்டு யார் வாயிலிருந்து வருகிறது என்பதைப் பொறுத்து அதன் நியாயமே மாறுவது தெரியும். நான்காவது சீசனின் அந்தப் பிள்ளைக் குரல்களைத்தான் என்னால் இன்றுவரை சாதாரணமாகக் கேட்க முடிவதில்லை. நான் அங்கிருந்து டாம் வெய்ட்ஸின் ஆல்பங்களுக்குப் போனேன், இன்னொரு பக்கம் நெவில் சகோதரர்கள் வழியாக நியூ ஆர்லியன்ஸ் இசைக்குப் போனேன். அதே டேவிட் சைமன் எரிக் ஓவர்மையரோடு சேர்ந்து, கத்ரீனா புயலுக்குப் பிந்திய நியூ ஆர்லியன்ஸைப் பற்றி ‘ட்ரெமே’ எடுத்தார் (2010–2013). அந்த ஊர் இசைக்கலைஞர்கள் அதில் தாங்களாகவே வருவார்கள்: கெர்மிட் ரஃபின்ஸ், டாக்டர் ஜான், அலென் டூசாண்ட். முதல் எபிசோடே ரீபர்த் பிராஸ் பேண்டின் தெரு ஊர்வலத்தோடு தொடங்கும். டிரம்பெட்டும் டிராம்போனும் டியூபாவும் தெருவில் நடந்துகொண்டே வாசிக்கும் அந்த இசையை நான் அதற்குமுன் காது கொடுத்துக் கேட்டதே இல்லை.

பாட்டை ஒருவர் தேர்ந்து நமக்குக் கொடுப்பது நம் ஆட்களுக்குப் புதிதல்ல. இலங்கை வானொலியைக் கேட்டு வளர்ந்தவர்களைக் கேளுங்கள். கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது என்று அறிவிப்பாளர்களின் பெயரைச் சொல்லித்தான் அவர்கள் பாட்டை நினைவுகூர்வார்கள். படத்தின் பெயர், எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர் எல்லாம் சொல்லி, அதன் பிறகு பாட்டு வரும். தொடர்களில் அந்த வேலையைச் செய்கிறவருக்கு மியூசிக் சூப்பர்வைசர் என்று பெயர். ஒரே குறை, அவர் வாய் திறந்து எதையும் சொல்வதில்லை. அவர் பெயர் கடைசியில் ஓடும் எழுத்துகளில் ஒரு வரி, அவ்வளவுதான். தொலைக்காட்சிக்கான எம்மி விருதுகளில் இந்த வேலைக்கென்று ஒரு பரிசு வந்ததே 2017இல்தான். முதல் பரிசு ‘பிக் லிட்டில் லைஸ்’ தொடருக்காக சூசன் ஜேக்கப்ஸுக்குக் கிடைத்தது.

ரசனை இருந்தால் மட்டும் இந்த வேலை நடந்துவிடாது. ஒரு பாட்டைக் காட்சியில் வைக்க இரண்டு அனுமதிகள் வேண்டும். சொல்லும் மெட்டும் யாருக்குச் சொந்தமோ அவரிடம் ஒன்று; அந்தக் குறிப்பிட்ட ஒலிப்பதிவு யாருக்குச் சொந்தமோ அந்த நிறுவனத்திடம் இன்னொன்று. ஒரு பாட்டை நான்கு பேர் சேர்ந்து எழுதியிருந்தால் நான்கு பேர் பக்கமும் சம்மதிக்க வேண்டும். பிரபலமான பாட்டுக்கு விலை அதிகம். அதனால் வெளியே அதிகம் தெரியாத, ஆனால் நன்றாகப் பாடுகிற குழுக்களைத் தேடிப் போகவேண்டிய தேவை வந்தது. நமக்கு நல்லதாகப் போயிற்று.

இதில் அலெக்ஸாண்ட்ரா பட்சவாஸ் என்ற பெண்மணியின் பெயரை மறக்காமல் சொல்ல வேண்டும். 2003இல் வந்த ‘தி ஓ.சி.’, 2005இல் தொடங்கிய ‘கிரேஸ் அனாட்டமி’ இரண்டுக்கும் பாட்டு தேர்ந்தவர். டெத் கேப் ஃபார் க்யூட்டி போன்ற சிறிய குழுக்கள் வீட்டுக்கு வீடு தெரியவந்தது ‘தி ஓ.சி.’யால்தான். பாத்திரங்கள் போய் உட்காரும் ஒரு கச்சேரிக் கூடத்தையே கதையில் வைத்து, நிஜக் குழுக்களைக் கொண்டுவந்து மேடையேற்றினார்கள். தொடரின் பாட்டுகள் மட்டும் ஆறு தொகுப்புகளாக வெளிவந்தன. 2005இல் அதன் இரண்டாம் சீசன் கடைசி எபிசோடில் இமோஜன் ஹீப்பின் ‘ஹைட் அண்ட் சீக்’ வந்தது. அந்தப் பாட்டில் கருவியே கிடையாது. ஒரே பெண் குரலை ஒரு மின்னணுப் பெட்டிக்குள் விட்டுப் பல குரல்களாக அடுக்கியிருப்பார்கள். துப்பாக்கிச் சத்தத்துக்குப் பின்னால் அது எழும்போது, இப்படியும் பாட முடியுமா என்று ஆச்சரியமாக இருக்கும். ‘கிரேஸ் அனாட்டமி’யில் இன்னொரு அழகு: எபிசோடுகளின் தலைப்புகளே ஏதாவதொரு பாட்டின் பெயராக இருக்கும். அந்தத் தலைப்புகளை மட்டும் வைத்து ஒரு வருடத்துக்குப் பாட்டு கேட்கலாம்.

இதே உரிமை விவகாரம் இழப்பையும் கொண்டுவருகிறது. ஒரு வானொலி நிலையத்தைப் பற்றிய நகைச்சுவைத் தொடர் ‘டபிள்யூ.கே.ஆர்.பி. இன் சின்சினாட்டி’ (1978–82). பாட்டுதான் அதன் உயிர். டிவிடியாக வந்தபோது அதில் இருந்த பாட்டுகளில் பலவற்றை எடுத்துவிட்டு ஏதோ இசையை ஒட்டியிருந்தார்கள், ஏனென்றால் ஒளிபரப்புக்கு வாங்கிய உரிமை டிவிடிக்குச் செல்லவில்லை. ‘தி வொண்டர் இயர்ஸ்’ 1993இல் முடிந்த தொடர். பாட்டு உரிமைகளைத் திரட்டி முழுத் தொகுப்பாக வெளியிட 2014 ஆகிவிட்டது. ‘டாசன்ஸ் க்ரீக்’ இணையத்தில் வந்தபோது அதன் டைட்டில் பாட்டே பல வருடம் இல்லை. பழைய தொடர் ஒன்றை இன்று பார்க்கும்போது, அன்று பார்த்தவர்கள் கேட்ட பாட்டைத்தான் நாமும் கேட்கிறோம் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. நல்ல தொடர் கையில் இருக்கும்போதே பாட்டைக் குறித்துவைத்துக்கொள்ள நான் சொல்வது இதனால்தான்.

குறித்துக்கொள்ள இப்போது வழி சுலபம். பாட்டைக் கேட்டுப் பெயர் சொல்லும் ஷஸாம் 2002இல் லண்டனில் தொடங்கியபோது அது ஒரு தொலைபேசி எண்தான். 2580 என்று அழுத்தி, போனைப் பாட்டின் பக்கம் காட்டினால், பெயர் குறுஞ்செய்தியாக வரும். இன்று செயலியைத் திறந்தால் போதும். பாட்டின் ஒலியில் எந்த நொடியில் எந்தச் சுருதி ஓங்கி நிற்கிறது என்ற புள்ளிகளை மட்டும் எடுத்து, தன்னிடம் இருக்கும் கோடிக்கணக்கான பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது அது. அதனால் நடிகர்கள் பேசிக்கொண்டிருந்தாலும், கார் கதவு அடித்துச் சாத்தினாலும், அந்த ஓங்கிய புள்ளிகளில் போதுமானவை தப்பிவிடும், பெயர் வந்துவிடும். நான் தொடர் பார்க்கும்போது போனைக் கையில் வைத்திருப்பது இந்த ஒரு காரியத்துக்காக மட்டும்தான்.

பெயர் கிடைத்தபின்தான் எனக்கு மெய்யான வேலை தொடங்குகிறது. ‘பிக் லிட்டில் லைஸ்’ டைட்டிலில் வரும் மைக்கேல் கிவனுகாவின் ‘கோல்ட் லிட்டில் ஹார்ட்’ நினைவிருக்கிறதா? கலிஃபோர்னியக் கடலோரப் பாலத்தில் கார்கள் போகும், ஒரு ஏக்கக் குரல் பாடும், ஒன்றரை நிமிடத்தில் முடிந்துவிடும். ஆல்பத்தில் அந்தப் பாட்டு கிட்டத்தட்ட பத்து நிமிடம்! வயலின்கள் மெதுவாக எழும், கோரஸ் ஹம்மிங் வரும், கிதார் நிதானமாக ஒரு வட்டம் சுற்றி வரும். பாதிப் பாட்டு முடிந்த பிறகுதான் அவர் பாடவே தொடங்குகிறார். அந்த ஐந்து நிமிடம் காத்திருந்து அவர் குரலைக் கேட்கும்போது, டைட்டிலில் கேட்ட அதே வரி வேறு கனத்தோடு இறங்குகிறது. இடி அமீன் ஆட்சியிலிருந்து தப்பி வந்த உகாண்டா பெற்றோருக்கு லண்டனில் பிறந்தவர் கிவனுகா. தான் எந்த ஊர்க்காரன் என்ற கேள்வி அவர் பாட்டுகளில் திரும்பத் திரும்ப வரும். 2016இல் வந்த ‘லவ் அண்ட் ஹேட்’ ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து வரிசையாகக் கேட்டால்தான் இது பிடிபடும். தொடர் கொடுத்தது வாசல்படி, வீட்டைச் சுற்றிப் பார்க்க நாம்தான் உள்ளே போக வேண்டும்.

அதே தொடரில் ஒன்றாம் வகுப்புப் படிக்கும் க்ளோயி என்ற சிறுமி வருவாள். பெரியவர்கள் சண்டைபோட்டுக்கொண்டிருக்கும்போது வீட்டில் என்ன பாட்டு ஒலிக்க வேண்டும் என்று தீர்மானிப்பவள் அவள்தான். இயக்குநர் ஜீன்-மார்க் வாலி தனக்குப் பிடித்த பாட்டுகளையெல்லாம் அந்தக் குழந்தையின் கையில் கொடுத்துவிட்டார் என்று எனக்குத் தோன்றும். அவருடைய தொடர்களில் பாட்டு எங்கிருந்தோ மேலிருந்து பொழியாது. யாராவது ஒருவர் காரிலோ போனிலோ போட்டுக் கேட்பார். 2021இல் அவர் இறந்தபோது, நல்ல பாட்டு கேட்கவைத்த ஒருவரை இழந்ததாகத்தான் நான் வருந்தினேன்.

தமிழ்க் காதுக்கு இதில் ஒரு சிறப்பான அதிசயம் இருக்கிறது. நம் சினிமாவில் பாட்டு காட்சிக்காகவே பிறக்கும். இயக்குநர் சூழலைச் சொல்வார், மெட்டு வரும், அதற்குச் சொல் வரும். பாட்டும் காட்சியும் உடன்பிறப்புகள். அமெரிக்கத் தொடரில் வருவது பெரும்பாலும் ஏற்கெனவே தனக்கென்று ஒரு வாழ்க்கை வாழ்ந்து முடித்த பாட்டு. வேறு யாரோ வேறு எதற்காகவோ எழுதியதை, முப்பது வருடம் கழித்து இன்னொருவர் துக்கத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைக்கிறார்கள். அண்மையில் நம் பக்கமும் இது பலமாக நடக்கிறது. 2022இல் ‘விக்ரம்’ படத்தில் ‘சக்கு சக்கு வத்திக்குச்சி’ வந்து அந்தப் பழைய பாட்டு ஊரெல்லாம் ஒலித்தது. 2024இல் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ என்ற மலையாளப் படம் 1991இன் ‘குணா’ பாட்டைக் குகைக்குள் மறுபடி ஏற்றியது. காதலனும் காதலியும் பாடிய பாட்டு, குழியில் விழுந்த நண்பனை மீட்ட நண்பர்களுக்கு ஆனது. அதே வருடம் ‘லப்பர் பந்து’ விஜயகாந்தின் ‘பொன்மனச் செல்வன்’ பாட்டை மைதானத்துக்குக் கொண்டுவந்தது. அந்தப் படங்கள் ஓடிய நாட்களில் தியேட்டரில் கைதட்டிய இளைஞர்களில் எத்தனை பேர் அந்தப் பாட்டுகள் வந்தபோது பிறந்திருப்பார்கள்? பழையதை இப்படிப் புதிதாகக் கொடுப்பதை நான் முழுமனதோடு வரவேற்கிறேன்.

சில பாட்டுகளின் பின்னால் போனால் மனம் பாரமாகிவிடும். ‘பிரேக்கிங் பேட்’ 2013 செப்டம்பரில் முடிந்தது. கடைசி எபிசோடின் பெயர் ‘ஃபெலினா’. மார்ட்டி ராபின்ஸ் 1959இல் பாடிய ‘எல் பாசோ’ பாட்டில் வரும் பெண்ணின் பெயர் அது. எபிசோடின் தொடக்கத்தில் காருக்குள் அந்தப் பாட்டே கேட்கும். முடிவில், தொடரின் நாயகன் வால்டர் ஒயிட் ஆய்வுக்கூடக் கருவிகளைத் தடவிக்கொடுத்தபடி நடக்கும்போது ‘பேபி ப்ளூ’ எழுகிறது. பேட்ஃபிங்கர் குழுவின் பீட் ஹாம் ஒரு பெண்ணை நினைத்து எழுதிய காதல் பாட்டு, இங்கே வால்டர் தயாரித்த நீலநிறப் போதைமருந்துக்கு விடைகொடுக்கும் பாட்டாக மாறிவிட்டது. யார் இந்த பேட்ஃபிங்கர் என்று தேடினேன். பீட்டில்ஸின் ஆப்பிள் நிறுவனத்தில் பாடிய குழு. உலகமே பாடிய ‘வித்அவுட் யூ’ பாட்டை எழுதியவர்கள் இவர்களே. ஹேரி நில்சனும் பின்னாளில் மரியா கேரியும் பாடித்தான் அது எல்லோருக்கும் தெரிந்தது. பணம் கைக்கு வராமல் போன துயரத்தில் பீட் ஹாம் 1975இல் தற்கொலை செய்துகொண்டார். பாட்டைச் சேர்ந்து எழுதிய டாம் எவன்ஸும் 1983இல் அதே முடிவைத் தேடிக்கொண்டார். ‘பேபி ப்ளூ’ இருக்கும் ‘ஸ்ட்ரெய்ட் அப்’ ஆல்பம் 1971இல் வந்தது. எவ்வளவு வெளிச்சமான, வாஞ்சையான பாட்டுகள்! ஒரு தொடரின் கடைசி மூன்று நிமிடம் இவர்களைத் திரும்பக் கேட்கவைத்ததற்கு, பாட்டைத் தேர்ந்தவரான தொடரின் படைப்பாளர் வின்ஸ் கில்லிகனுக்கு நன்றி சொல்லவே வேண்டும்.

லிண்டா ரோன்ஸ்டாட்டின் ‘லாங் லாங் டைம்’ 1970இல் பதிவானது. 2023 ஜனவரியில் ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ தொடரின் மூன்றாம் எபிசோடில் வந்தது. உலகமே அழிந்தபின் தனியாக வாழும் ஒருவர் வீட்டுக்கு இன்னொருவர் வருகிறார். பியானோவில் ஒருவர் அந்தப் பாட்டைச் சுமாராக வாசிக்க, தாங்காமல் மற்றவர் அவரை எழுப்பிவிட்டு உட்கார்ந்து தானே பாடுகிறார். அந்தப் பாட்டில்தான் இருவருக்கும் ஒருவரையொருவர் தெரிகிறது. எபிசோடு பார்த்த இரவே ஏராளமானோர் அந்தப் பாட்டைத் தேடிக் கேட்டார்கள், செய்தியே வந்தது. நான் அங்கே நிற்கவேண்டாம் என்பேன். 1987இல் ரோன்ஸ்டாட் ‘கன்சியோனெஸ் தெ மி பாத்ரே’ என்றொரு ஆல்பம் வெளியிட்டார். தன் தந்தை வீட்டில் பாடிய மெக்சிகப் பாட்டுகளை, ஸ்பானிஷ் மொழியில், மரியாச்சி வாத்தியங்களோடு பாடியிருக்கிறார். ஆங்கிலப் பாட்டுக்குப் பேர்போன ஒருவர் புகழின் உச்சத்தில் வீட்டு மொழிக்குத் திரும்பிப் பாடியது. நோயால் அவரால் இப்போது பாட முடியாது. கேட்கும்போது அது நினைவில் வந்துகொண்டே இருக்கும்.

இவ்வளவு சொன்ன பிறகு ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். சில பாட்டுகளைத் தொடர்கள் தேய்த்துவிட்டன. லெனர்ட் கோஹனின் ‘ஹாலேலூயா’ 1984இல் வந்தபோது அதிகம் பேர் கேட்கவில்லை. ஜான் கேல் 1991இல் பாடினார், ஜெஃப் பக்லி 1994இல் பாடினார். அதன்பின் ‘தி வெஸ்ட் விங்’, ‘தி ஓ.சி.’ என்று தொடருக்குத் தொடர், யாராவது செத்தாலோ பிரிந்தாலோ அந்தப் பாட்டுதான். இப்போது பார்வையாளர் அழவேண்டிய இடம் இது என்று சொல்லும் அறிவிப்பாக அது ஆகிவிட்டது. சோம்பேறித்தனமான தேர்வு என்றே சொல்வேன். பாட்டுக்குள் இருக்கும் கசப்பும் காமமும் இறைவனோடு போடும் வழக்கும் காட்சியின் கண்ணீரில் கரைந்துபோகின்றன. அதற்கு மருந்து, கோஹன் தானே பாடிய பதிவைத் தனியாகக் கேட்பதுதான். ஒரு பாட்டு தொடரில் பிடித்துப்போனால், சில நாட்களுக்கு அந்தக் காட்சியை மறுபடி பார்க்கமாட்டேன். நடக்கும்போதும் பஸ்ஸிலும் பாட்டை மட்டும் கேட்பேன். நடிகரின் முகம் மெல்ல மறைந்து, பாடியவரின் குரல் மட்டும் நிற்கத் தொடங்கும்வரை.

கதையே இல்லாமல் இசையை மட்டும் காட்டும் நிகழ்ச்சிகளும் இருக்கின்றன. பிபிசியின் ‘லேட்டர் வித் ஜூல்ஸ் ஹாலண்ட்’ 1992இல் தொடங்கியது. ஒரே ஸ்டூடியோவில் வட்டமாகக் குழுக்கள் நிற்கும். ஒருவர் பாடி முடித்ததும் எதிரே நிற்பவர் தொடங்குவார். 2007இல் ஒரு நாள் பால் மெக்கார்ட்னியும் ப்யோர்க்கும் அங்கே இருக்க, அடெல் என்ற பத்தொன்பது வயதுப் பெண் கிதாரோடு உட்கார்ந்து முதன்முறையாகத் தொலைக்காட்சியில் பாடினார். யூடியூபில் கிடைக்கும், பாருங்கள்.

கடைசியாக, பாடகி கேட் புஷ். ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ நான்காம் சீசன் 2022 மே மாதம் வந்தது. அண்ணனை இழந்த மேக்ஸ் என்ற பெண் வாக்மேனில் ‘ரன்னிங் அப் தட் ஹில்’ கேட்டுக்கொண்டே இருப்பாள். சாவின் பிடியிலிருந்து அவளை வெளியே இழுத்து வருவதும் அந்தப் பாட்டே. 1985இல் பிரிட்டனில் மூன்றாம் இடம் வரை போன பாட்டு அது. 2022 ஜூனில் முதலிடத்துக்கு வந்தது. கேட் புஷ்ஷின் முந்தைய முதலிடம் 1978இன் ‘வுதரிங் ஹைட்ஸ்’. இரண்டுக்கும் நடுவே 44 வருடம்! அமெரிக்காவில் 1985இல் முப்பதாம் இடம், 2022இல் மூன்றாம் இடம். நோரா ஃபெல்டர் என்ற சூப்பர்வைசரின் தேர்வு அது. பாட்டு பேசுவது ஆணும் பெண்ணும் கடவுளோடு ஒப்பந்தம் போட்டு இடம் மாற்றிக்கொண்டால் ஒருவரையொருவர் புரிந்துகொள்வார்களே என்பதைப் பற்றி. இறந்த அண்ணனை எண்ணிக் குற்றவுணர்வில் வாடும் மேக்ஸுக்கு அதே ஒப்பந்தம் வேறு அர்த்தம் தருகிறது. பாட்டை இவ்வளவு புரிந்துகொண்டு கதையில் வைத்ததை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஆனால் அந்தப் பாட்டு ‘ஹவுண்ட்ஸ் ஆஃப் லவ்’ ஆல்பத்தின் முதல் பாட்டு மட்டும்தான். முந்தைய ஆல்பம் எதிர்பார்த்த அளவு விற்காத நிலையில், கேட் புஷ் தன் குடும்பத்தின் பண்ணைவீட்டிலேயே ஸ்டூடியோ கட்டி, யாருடைய அவசரத்துக்கும் ஆளாகாமல் செய்த ஆல்பம் அது. இசைத்தட்டின் இரண்டாம் பக்கம் முழுவதும் ‘தி நைன்த் வேவ்’ என்ற ஒரே கதை, ஏழு பாட்டுகள். கப்பல் மூழ்கி, இரவில் நடுக்கடலில் மிதக்கும் ஒரு பெண். தூங்கிவிட்டால் செத்துவிடுவாள். பனிக்கட்டிக்கு அடியில் தன்னையே பார்க்கிறாள், வீட்டில் தன்னைக் காணாமல் காத்திருப்பவரைப் பேயாகப் போய்ப் பார்க்கிறாள், எதிர்காலத்திலிருந்து கிழவியான அவளே வந்து உயிரோடு இரு என்கிறாள்; அந்த இடத்தில் ஐரிஷ் பிடில்களும் பைப்பும் சேர்ந்து முழங்கும். கேட் புஷ்ஷின் தாய் அயர்லாந்துக்காரர். 2014இல் லண்டனில் 22 இரவுகள் அவர் மேடையேறியபோது இந்தக் கதையை முழுதாக நிகழ்த்தினார். 1979க்குப் பிறகு அவர் நடத்திய முதல் கச்சேரித் தொடர் அது.

அந்த ஏழில் ஆறாவது பாட்டு ‘ஹலோ எர்த்’. அதன் நடுவே எல்லா வாத்தியமும் அடங்கி, ஆண்கள் கோரஸாக மெதுவாகப் பாடுவது கேட்கும். அது ‘த்சின்ட்ஸ்காரோ’ என்ற ஜார்ஜிய நாட்டுப்புறப் பாட்டின் மெட்டு. வெர்னர் ஹெர்சாக்கின் ‘நோஸ்ஃபெரட்டு’ படம் பார்க்கும்போது கேட் புஷ்ஷின் காதில் விழுந்தது அது. அவரும் திரையில் கேட்ட ஒரு பாட்டின் பின்னால் போனவர்தான்! ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ பார்த்துவிட்டு அந்த ஒரு பாட்டோடு நின்றவர்கள் இந்த வாரம் ஆல்பத்தின் ஆறாம் பாட்டிலிருந்து பன்னிரண்டாம் பாட்டுவரை வரிசை மாற்றாமல் கேளுங்கள். அரைமணிக்கும் குறைவான நேரம்தான். முடித்ததும் ‘த்சின்ட்ஸ்காரோ’வை ஜார்ஜியர்களே பாடிய பதிவில் தேடிக் கேளுங்கள்.